செப்டம்பருக்கு ஆள் எங்கே? ஏஎஃப்எல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஏஎஃப்எல் ஆணையத்தாருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில் (ஏஎஃப்எல்) 2026 முதல் ஃபைனல்ஸுக்கு, அதாவது கோப்பையை முடிவு செய்யும் செப்டம்பர் ஆட்டங்களுக்கு, எட்டு அணிகள் போதாது, பத்து வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். ஏழாவது அணி சொந்த மைதானத்தில் பத்தாவதோடு மோதும், எட்டாவது ஒன்பதாவதோடு. தோற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். வென்றவருக்கு அடுத்த வாரம், தோற்றால் வெளியேறும் வழக்கமான எலிமினேஷன் ஃபைனல். முதல் ஆறு அணிகளுக்கு வைல்ட்கார்டு எனும் அந்தக் கூடுதல் வாரம் ஓய்வு. டிவிக்கு நல்லது, டிக்கெட்டுக்கு நல்லது. பத்தாவது அணிக்கு அங்கே என்ன வேலை என்று ரசிகர்கள் போடும் சண்டையும் கேட்டிருப்பீர்கள். எங்கள் கேள்வி வேறு. கூடுதலாக ஒரு வாரம் ஆடச் சொல்கிறீர்களே, அதற்கு வேண்டிய ஆட்கள் அந்த அணிகளிடம் இருக்கிறார்களா?

பத்தாவது அணி விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். 2025 புள்ளிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஏழாவது வந்த கோல்ட் கோஸ்ட் 15 ஆட்டங்களில் வென்றது, பத்தாவது வந்த சிட்னி 12. புதிய முறை அன்றே இருந்திருந்தால், 2011இல் லீக்குக்கு வந்து முதல்முறையாக ஃபைனல்ஸைத் தொட்ட கோல்ட் கோஸ்ட், மூன்று வெற்றி பின்தங்கிய அணியோடு ஒரே ஆட்டத்தில் எல்லாவற்றையும் பணயம் வைத்திருக்கும். அதே ஆண்டில் எட்டாவது ஹாதோர்ன் 15, ஒன்பதாவது வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 14. அந்த ஆட்டத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள். இரண்டு வெற்றிக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த வைல்ட்கார்டு ஆட்டம் கிடையாது, மேலே இருப்பவர் நேராக அடுத்த வாரத்துக்குப் போகலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இதற்குக் கமிட்டி எல்லாம் தேவையில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

2016இல் ஃபைனல்ஸுக்கு முன்னால் ஓய்வு வாரத்தைக் கொண்டுவந்தீர்கள். அந்த ஆண்டே புல்டாக்ஸ் ஏழாவது இடத்திலிருந்து நான்கு ஃபைனல்களையும் வென்று, 1954க்குப் பிறகு முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. காயத்தில் இருந்த அதன் ஆட்டக்காரர்கள் லிபரடோரேயும் மக்ரேயும் அந்த ஓய்வு வாரத்தால்தான் முதல் ஃபைனலுக்கே திரும்ப முடிந்தது. இப்போது அதே ஏழாவது இடத்துக்கு ஓய்வு இல்லை. கோப்பைக்கு ஐந்து வாரத்தில் ஐந்து வெற்றி வேண்டும்.

தலையில் அடிபட்டவர் கணக்கு இன்னும் கறாரானது. கன்கஷன் (மூளை அதிர்வு) என்று உறுதியானால் 12ஆம் நாளுக்கு முன் ஆட முடியாது. இந்த விதி சரியானது, அதில் கை வைக்கவே கூடாது. ஆனால் கடைசிச் சுற்றில் சனிக்கிழமை இரண்டு பேருக்கு அடிபட்டது என்று வையுங்கள். ஒருவர் ஆறாவது அணி, இன்னொருவர் ஏழாவது அணி. ஆறாவது அணிக்காரருக்கு ஓய்வு வாரம் கழிந்து வரும் வெள்ளி 13ஆம் நாள், சனி 14ஆம் நாள். மருத்துவர் அனுமதித்தால் ஃபைனலில் இறங்கலாம். ஏழாவது அணிக்காரர் ஆறிலிருந்து எட்டாம் நாளுக்குள் வரும் வைல்ட்கார்டு ஆட்டத்தில் நிச்சயமாக இல்லை. அதாவது, மாற்று ஆள் அதிகம் தேவைப்படுவது ஏழு முதல் பத்து வரையுள்ள அணிகளுக்கு. அந்த மாற்று ஆள் எங்கிருந்து வருவார் என்பதை இந்தத் திட்டத்தில் எங்கேயும் காணோம்.

லிஸ்ட்டை, அதாவது ஒரு கிளப் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்ப்போம். 2020இல் கோவிட் காரணமாகக் கிளப்புகளின் கையைக் கட்டினீர்கள். அதன்பிறகு முதன்மை லிஸ்ட்டில் 36 முதல் 38 பேர், ரூக்கி எனும் துணைப் பட்டியலில் ஏ வகை ஆட்கள் 4 முதல் 6 பேர், இரண்டும் சேர்ந்து 42ஐத் தாண்டக்கூடாது என்றானது. அதற்கு முன் 44. இரண்டு பேர்தானே என்று தோன்றும். ஆகஸ்ட் கடைசியில் ஒரு கிளப்பின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 42இல் 23 பேர் மைதானத்தில். மீதி 19. காயப்பட்டவர்கள் ஏழு பேர் என்று வைத்தால் 12. அணி பெர்த்துக்குப் போகிறது என்றால் எமர்ஜென்சி ஆட்களில் (கடைசி நிமிட மாற்றுகளில்) இரண்டு பேரையாவது விமானத்தில் ஏற்ற வேண்டும். மிஞ்சுவது பத்து பேர். கிளப்பின் இரண்டாம் அணியான ரிசர்வ்ஸில் பாதிகூட இல்லை. மீதி இடங்களை நிரப்புகிறவர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வரும், விக்டோரிய மாநில லீக்கான விஎஃப்எல்லின் ஆட்டக்காரர்கள்.

எமர்ஜென்சியாகப் போகிறவர் கதை தனி. கடைசி நிமிடத்தில் யாராவது விலகினால் இறங்க வேண்டும் என்பதால் அவரை ரிசர்வ்ஸில் ஆட விடுவதில்லை. யாரும் விலகவில்லை என்றால் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார். இரண்டு வாரம் தொடர்ந்து இப்படி நடந்தால், மூன்றாவது வாரம் நிஜமாகவே கூப்பிடும்போது அவர் கால்கள் மூன்று வாரமாக ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்திருக்காது. முன்பு சப் (ஒருவருக்குப் பதிலாக மட்டும் இறக்கும் மாற்று) ஆட்டக்காரருக்கும் இதே நிலைமைதான், கடைசிக் குவார்ட்டரில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அந்த வாரக் கணக்கை முடித்துவிடுவார். 2026 முதல் சப்பை எடுத்துவிட்டு பெஞ்சில் ஐந்து பேரை உட்கார வைத்தது நல்ல முடிவு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ரிசர்வ்ஸில்தான் பெரிய ஓட்டை. 1999 வரை ரிசர்வ்ஸ் தனிப் போட்டியாக இருந்தது, 2000இல் விஎஃப்எல்லோடு கலந்தது. 2014 முதல் அடிலெய்டும் போர்ட் அடிலெய்டும் தெற்கு ஆஸ்திரேலிய லீக்கான எஸ்ஏஎன்எஃப்எல்லில் ரிசர்வ்ஸ் ஆடுகின்றன. வெஸ்ட் கோஸ்ட் 2019 முதல் மேற்கு ஆஸ்திரேலிய லீக்கான டபிள்யூஏஎஃப்எல்லில் சொந்த அணி வைத்திருக்கிறது. ஃப்ரிமாண்டில் ஆட்டக்காரர்கள் அதே லீக்கின் இணைக் கிளப்பான பீல் தண்டரில். 2021இல் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து கிளப்புகளும் விஎஃப்எல்லுக்குள் வந்தன. ஆக ஒரே லீக்கின் 18 கிளப்புகளும் மூன்று போட்டிகளில், மூன்று அட்டவணைகளில், ஒன்றுபோல இல்லாத விதிகளில் தங்கள் மாற்று ஆட்களைத் தயார் செய்கின்றன. எஸ்ஏஎன்எஃப்எல்லில் கடைசியாக உதைத்தவரோ கையால் குத்தி அனுப்பியவரோ பந்தை வெளியே விட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்பது 2016 முதல் நடைமுறை. ஏஎஃப்எல் அதில் ஒரு வகையை எடுத்துக்கொள்ளப் பத்து ஆண்டு ஆனது. அத்தனை காலமும் அடிலெய்டு இளைஞர்கள் சனிக்கிழமை ஒரு பழக்கம் பழகி, மேலே போனதும் அதை மறக்க வேண்டியிருந்தது.

இந்தச் சிதறல் செப்டம்பரில்தான் வலிக்கிறது. விஎஃப்எல் வழக்கமான சுற்றுகள் ஆகஸ்ட் பிற்பாதியில் முடிகின்றன. அங்கே முதல் பத்துக்குள் வராத அணியின் ஆட்களுக்கு அதோடு ஆட்டம் முடிந்தது. அவர்களுடைய சீனியர் அணி கிராண்ட் ஃபைனல் எனும் இறுதி ஆட்டம் வரை போனால், மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில் இறங்கத் தயாராக இருக்க வேண்டியவர் ஐந்து வாரமாகப் பயிற்சி மைதானத்தில் கூம்புகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2016இல் ஃப்ரிமாண்டில் 16ஆவது இடம், 2017இல் 14ஆவது. சீனியர் அணிக்கு வேலை இல்லாததால் ஆட்கள் பீல் தண்டருக்கு வந்தார்கள், பீல் இரண்டு ஆண்டும் டபிள்யூஏஎஃப்எல் கோப்பையை வென்றது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பழைய கிளப்புகள் எரிச்சல்பட்டதில் நியாயம் உண்டு. 16ஆவது வந்த கிளப்பின் ஆட்டக்காரர்களுக்கு செப்டம்பர் முழுக்க ஆட்டம், ஃபைனல்ஸில் இருக்கும் கிளப்பின் மாற்று ஆட்களுக்கு ஒன்றும் இல்லை! அட்டவணை போட்டவரைத் தவிர யாருக்கும் இது புரியாது.

ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2019 ரிச்மண்ட் போதும். மர்லியன் பிக்கெட்டை ஆண்டு நடுவில் சவுத் ஃப்ரிமாண்டிலிலிருந்து மிட்சீசன் டிராஃப்ட்டில், அதாவது கிளப்புகள் முறைவைத்துப் புது ஆள் எடுக்கும் தேர்வில், எடுத்தார்கள். விஎஃப்எல் கிராண்ட் ஃபைனலில் ரிச்மண்ட் வில்லியம்ஸ்டவுனை வென்றபோது சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். ஜாக் கிரஹாமுக்குத் தோள்பட்டை போனதால் அடுத்த வாரமே ஏஎஃப்எல் கிராண்ட் ஃபைனலில் அறிமுகம், 22 டிஸ்போசல் (உதைத்தோ கையால் குத்தியோ பந்தை அனுப்பியது), ஒரு கோல். 1952க்குப் பிறகு யாரும் கிராண்ட் ஃபைனலில் அறிமுகமானதில்லை. இதை அதிர்ஷ்டம் என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: முந்தின வாரம் வரை அவருக்கு உயிரைக் கொடுத்து ஆடும் ஆட்டம் இருந்தது. ரிச்மண்டின் விஎஃப்எல் அணி முன்னமே வெளியேறியிருந்தால் அந்த வாய்ப்பு அவருக்கு வந்திருக்குமா?

பயிற்சியில் வராதவை சில உண்டு. நடுவர் எழுப்பும் பந்துக்குக் குதித்துப் போட்டியிடும் ரக் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பும் பவுன்ஸ் போய், 2026 முதல் மேலே வீசுகிறார். ஓடிவந்து குதிக்கும் நேரக் கணக்கே மாறிவிட்டது. கிளப் பயிற்சியில் மாற்று ரக் தினமும் அதே சக ஆட்டக்காரரோடு குதிக்கிறார். அவர் எந்தக் காலில் எழும்புவார், முழங்கால் எங்கே வரும் என்பதெல்லாம் மனப்பாடம். செப்டம்பரில் எதிரே நிற்பவர் முன்பின் பழகாத ஆள். வயிற்றில் முழங்காலை இறக்கிவிட்டுப் பந்தைத் தட்டிவிடுவார்.

தொடைத் தசை பிடித்து மீள்கிறவருக்கும் படிகள் உண்டு. முதலில் நேர் ஓட்டம், பிறகு திசை மாற்றி ஓட்டம், பிறகு முழுப் பயிற்சி, பிறகு ரிசர்வ்ஸில் இரண்டு குவார்ட்டர், கடைசியில் முழு ஆட்டம். ரிசர்வ்ஸ் இல்லை என்றால் நான்காவது படியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். குதித்தவர் இரண்டாவது குவார்ட்டரில் தொடையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு நடப்பது யாருக்கும் புதிய காட்சி இல்லை.

எங்கள் யோசனைகள் இவை. முழு தேசிய ரிசர்வ்ஸ் போட்டி வேண்டும் என்று கேட்கமாட்டோம். பெர்த்துக்கும் மெல்பர்னுக்கும் இடையே நான்கு மணி நேர விமானம். செலவு ஒருபுறம் இருக்கட்டும், போர்ட் மெல்பர்ன், வில்லியம்ஸ்டவுன், வெரிபி போன்ற தனி விஎஃப்எல் கிளப்புகள் அதில் நசுங்கிவிடும்.

அதற்குப் பதில், வைல்ட்கார்டு வாரம் தொடங்கி கிராண்ட் ஃபைனலுக்கு முந்தின வாரம் வரை, சீனியர் ஃபைனல்ஸில் உயிரோடு இருந்து ரிசர்வ்ஸில் வெளியேறிவிட்ட கிளப்புகளுக்கு மட்டும் ஒரு குறுந்தொடர் நடத்துங்கள். 18 பேருக்குப் பதில் 16 பேர், 15 நிமிடக் குவார்ட்டர் நான்கு. லிஸ்ட்டில் உள்ளவர்கள் எத்தனை பேர் தேறினாலும் சரி, மீதியைச் சொந்த ரிசர்வ்ஸ் ஆட்களைக் கொண்டு நிரப்பலாம். இணை கிடைக்காத கிளப்புக்கு எதிராக, ஃபைனல்ஸுக்கு வராத விஎஃப்எல் கிளப்புகளிலிருந்து ஒரு தேர்வு அணி. நவம்பர் டிராஃப்ட்டுக்கு முன் தன்னைக் காட்ட இதைவிட நல்ல இடம் அந்த இளைஞர்களுக்குக் கிடைக்காது, ஆட்டக் கட்டணம் கொடுத்தால் ஓடி வருவார்கள்.

நேரம் முக்கியம். ஆட்டத்தை சீனியர் ஃபைனலுக்கு முன்னால் வைத்தால் எமர்ஜென்சி ஆட்கள் ஆட முடியாது, பழைய கதையாகிவிடும். மறுநாள் காலை வையுங்கள். வெள்ளி இரவு ஃபைனல் என்றால் சனிக்கிழமை 11 மணிக்கு. வெளி மாநிலத்தில் ஆடியிருந்தால் ஞாயிறு. இறங்காமல் திரும்பிய எமர்ஜென்சி ஆளும் அப்போது ஆடலாம். எம்சிஜி புல்லைத் தொட வேண்டாம், பக்கத்திலேயே பண்ட் ரோடு மைதானம் இருக்கிறது, இக்கான் பார்க் மைதானமும் இருக்கிறது.

லிஸ்ட்டை 44க்குத் திருப்புங்கள். பணம் இல்லை என்ற பேச்சு இனி எடுபடாது. 2025 முதல் 2031 வரையான ஒளிபரப்பு ஒப்பந்தம் 450 கோடி ஆஸ்திரேலிய டாலர். மிட்சீசன் டிராஃப்ட் முடிந்த பிறகு ஒருவர் ஆண்டு முழுக்க ஆட முடியாது என்றானால், ஜூலை கடைசி வரை ஒருவரை மாற்றாகச் சேர்க்கவும் அனுமதியுங்கள். ஆனால் அந்த ஆள் மார்ச்சிலிருந்தே அதே கிளப்பின் ரிசர்வ்ஸில் ஆடிக்கொண்டிருப்பவராக இருக்க வேண்டும். இரண்டாவது டிராஃப்ட் வைத்து மாநில லீக் கிளப்புகளின் ஃபைனல்ஸ் அணியைக் கலைப்பதை நாங்கள் ஒப்புக்கொள்ளமாட்டோம். பீல் தண்டர் போன்ற இணைக் கிளப்பிலிருந்து ஒருவர் போனால் அந்தக் கிளப்புக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும்.

2028இல் டாஸ்மேனியா வந்ததும் 19 கிளப், 19 லிஸ்ட். ஆட்களுக்கான இழுபறி இன்னும் கூடும். அதற்கு முன் இதைச் செய்ய உங்களுக்கு இரண்டு லிஸ்ட் காலம்தான் இருக்கிறது. 44 என்ற எண்ணை அக்டோபர் டிரேட் (கிளப்புகள் ஆட்டக்காரரைப் பரிமாறிக்கொள்ளும் காலம்) தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். நவம்பரில் அறிவித்தால், அதற்குள் நீக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள்.

இப்படிக்கு,
ரிசர்வ்ஸ் ஆட்டத்துக்கும் நேரத்தோடு வந்து உட்காரும் ஃபுட்டி ரசிகர்கள்