ஜெர்முக் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா?

மாஸ்கோவிலுள்ள கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பின் செயலகத்தாருக்கும் உறுப்பு நாடுகளின் பேராளர்களுக்கும்,

வணக்கம். ரஷ்யா தலைமையிலான ராணுவக் கூட்டணியான உங்கள் அமைப்பில், 2024 பிப்ரவரியில் ஆர்மீனியா தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் தன் பங்குத் தொகையையும் கட்ட மறுத்தது. அதுமுதல் அந்நாட்டுக்கு உறுப்பினர் கடமையை நினைவூட்டும் பேச்சுகளைப் படித்துப் படித்து மனம் பொறுக்காமல் இம்மடலை எழுதுகிறேன். முதல் ஆர்மீனிய இதழ் 1794-இல் அச்சேறியதும், ஆர்மீனியர் தெரு மக்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாக மருவியதும் எங்கள் சென்னையில்தான். அந்த உறவில் கேட்கிறேன். ஆர்மீனியாவில் உங்கள் பொறுப்பு எல்லை எதுவரை என்று எழுத்தில் சொல்லுங்கள்.

ஜெர்முக், ஆர்மீனியாவில் வெந்நீர் ஊற்றுகளால் பிழைக்கும் மலையூர். அங்குள்ள மண்டபத்தில் கல் தொட்டிகளில் வெவ்வேறு சூட்டில் ஊற்றுநீர் விழுந்துகொண்டிருக்கும். வயிற்று நோய்க்காரர்கள் கோப்பையோடு வந்து, தங்களுக்குச் சொல்லப்பட்ட சூட்டில் பிடித்து, நின்று நிதானமாகப் பருகுவார்கள். 2022 செப்டம்பர் 13 அன்று, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில், அண்டை நாடான அசர்பைஜானின் பீரங்கிகள் அந்த ஊர்ப்பக்கம் திரும்பின. நலம் தேடி வந்தவர்களும் ஊர்க்காரர்களும் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். இரண்டு நாள் சண்டையில் ஆர்மீனியத் தரப்பில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊருக்கு அருகிலுள்ள உயரங்களைப் பிடித்த படை, சண்டை ஓய்ந்த பிறகும் இறங்கவில்லை.

ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் அனைவர் மீதுமான தாக்குதலாகக் கொள்ளப்படும் என்பது 1992-இல் தாஷ்கண்டில் கையெழுத்தான உங்கள் ஒப்பந்தத்தின் 4-ஆம் பிரிவு. அதை நம்பி ஆர்மீனியா உதவி கேட்டபோது, நிலைமையைப் பார்த்துவர ஒரு குழுதான் வந்தது. எல்லை இன்னும் முறையாக வரையப்படவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. எல்லை வரையப்படாததால் ஒரு நகரமே யாருடையது என்று தெரியாமல் போய்விடுமா? அதே ஆண்டு ஜனவரியில் கஜகஸ்தான் அதிபர் உள்நாட்டுக் கலவரத்துக்கு உதவி கேட்ட மறுநாளே உங்கள் படை அங்கே இறங்கியதையும், அப்போது தலைமைப் பொறுப்பில் இருந்த ஆர்மீனியா தன் வீரர்களையும் அதில் அனுப்பியதையும் நீங்கள் மறந்திருக்க முடியாது.

ஜெர்முக் புகைந்த அதே வாரத்தில் உங்கள் உறுப்பினர்களான கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் ஒருவரோடொருவர் போரிட்டன. அதையும் உங்களால் தடுக்க முடியவில்லை. மற்றோர் உறுப்பினரான பெலாருஸ், அசர்பைஜானுக்கே ஏவுகணை ஆயுதங்களை விற்றிருந்தது. கடலும் இல்லாமல், கிழக்கிலும் மேற்கிலும் எல்லை அடைக்கப்பட்டு, ஜார்ஜியா, ஈரான் வழிகளை மட்டும் நம்பி வாழும் ஒரு நாடு, இத்தனைக்குப் பிறகு இந்தியாவிடம் பினாகா ராக்கெட் ஏவு அமைப்புகளை வாங்கினால், ஆயுதமில்லாத ஐரோப்பியப் பார்வையாளர்களைத் தன் எல்லைக்கு அழைத்தால், அதைத் துரோகம் என்று பேசுவது எந்த நியாயத்தில் சேரும்? ரஷ்யப் படைத்தளம் தன் கியூம்ரி நகரில் 2044 வரை இருக்க இடம் கொடுத்த நாடு அது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள்க. என் வேண்டுகோள் சிறியது. பங்குத் தொகையைக் கேட்டு இனி எழுதும் கடிதத்தோடு, உங்கள் பொறுப்பு எல்லையைக் குறித்த ஒரு வரைபடத்தையும் அன்புகூர்ந்து ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்கு அனுப்புங்கள். ஜெர்முக் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை அந்த ஊர் மக்கள் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாசகன்