லிப்ஸ்டிக் எத்தனை கிராம் என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட் (கலைஞர் தன் உடம்பாலும் செயலாலும் பார்வையாளர் முன் நிகழ்த்தும் கலை) பற்றிய செய்தி என்றால் நம் நாளிதழ்களில் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: கலைஞர் லிப்ஸ்டிக்கைத் திரும்பத் திரும்பப் பூசினார், பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். எதன்மேல் பூசினார், எந்த வகைச் சாயம், எப்போது தீர்ந்தது? இவை வராத செய்தி, ராகத்தின் பெயரே இல்லாத கச்சேரி விமர்சனம்.

அமெரிக்கக் கலைஞர் ஜனீன் ஆன்டனி 1992-இல் செய்த ‘Gnaw’ என்ற படைப்பையே எடுத்துக்கொள்வோம். கொறிப்பது என்பதுதான் அதன் பெயருக்குப் பொருள். தலா 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ எடையில் ஒரு சாக்லேட் கட்டி, ஒரு பன்றிக்கொழுப்புக் கட்டி. இரண்டையும் கடித்துக் கடித்துத் துப்பினார். துப்பிய சாக்லேட் 27 இதய வடிவப் பெட்டித் தட்டுகளானது. துப்பிய கொழுப்பில் நிறமியும் தேன்மெழுகும் கலந்து 130 லிப்ஸ்டிக்குகள். மெழுகு ஏன்? பன்றிக்கொழுப்பு உடம்புச் சூட்டிலேயே குழைந்துவிடும். 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும் தேன்மெழுகு சேர்ந்தால்தான் குச்சியாக நிற்கும். கொழுப்புக் கட்டி சரிந்து உருக்குலைந்தபோது, பல் தடத்தைத் தாங்கி நின்றது சாக்லேட்தான். வாய் செய்த ஒரே வேலை, இரண்டு பொருளில் இரண்டு கதியானது. இதைச் சொல்லாமல் ‘அதிர்ச்சி’ என்று மட்டும் எழுதினால் படைப்பில் பாதி போயிற்று.

நம் ஊரில் பத்துப் பதினைந்து பேர் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் லிப்ஸ்டிக் பூசி நிகழ்த்துகிறவர்களுக்கும் பொருள்தான் முதல் எதிரி. கடை லிப்ஸ்டிக் பொதுவாக மூன்றரை கிராம் சொச்சம். விளக்கெண்ணெயும் மெழுகும் நிறமியும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், விளக்குக்கு அடியில் அது ‘வியர்க்கும்’: எண்ணெய் முத்து முத்தாக மேலே வரும். அந்த நேரத்தில் அழுத்தினால் அடியோடு முறியும். மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே திருப்பக் கூடாது. மாற்றுக் குச்சி இரண்டு ஐஸ்பெட்டியில் இருக்கட்டும், ஆனால் ஈரம் படாமல். நீர் ஒட்டிய குச்சி தோலில் வழுக்கும், நிறம் பிடிக்காது. மேட் (பளபளப்பில்லாத) வகையைத் தவிர்ப்பது நல்லது. உலர்ந்து தோலை இழுக்கும், செதில் செதிலாக உரியும். நடுவில் துடைக்க டிஷ்யூவால் தேய்க்காமல், தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சை ஒற்றி எடுக்க வேண்டும்.

பூசும் சைகைக்கு வருவோம். முதல் சில பூச்சு வரை அது வெறும் ஒப்பனை. சாயம் உதட்டுக் கோட்டைத் தாண்டியபின்தான் பார்ப்பவர் நெளியத் தொடங்குவார். தெருக்கூத்தில் அரிதாரம் ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும், இங்கே பூசுவதே ஆட்டம். பலர் கெடுப்பது வேகத்தில். படபடப்பில் மூச்சு குறுகும், கை ஓடும், சடங்கு அவசரமாகிவிடும். ஒரு மூச்சு வெளியேற ஓர் இழுப்பு என்று வைத்துக்கொண்டால் தாளம் நிற்கும். முதலில் சோர்வது மணிக்கட்டல்ல, தோள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளலாம்.

பார்வையாளர் உதட்டில் பூசுவதானால் ஆளுக்கொரு குச்சி. கட்டுப்படியாகாதென்றால் குச்சியிலிருந்து சிறு கத்தியால் வழித்து, ஆளுக்கொரு புதுத் தூரிகை. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பெஸ் வைரஸ் பரவ ஒரே குச்சி போதும். தொடும் முன் கேட்க வேண்டும், ‘போதும்’ என்பதற்கு ஒரு கையசைவும் முன்னமே பேசி வைத்திருக்க வேண்டும். செர்பியக் கலைஞர் மரீனா அப்ரமோவிச் 1974-இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் 72 பொருள்களை (லிப்ஸ்டிக்கும் அதில் உண்டு) மேசையில் பரப்பி, எதை வேண்டுமானாலும் தன்மேல் பயன்படுத்தலாம் என்று ஆறு மணி நேரம் கூட்டத்திடம் தன்னை ஒப்படைத்தார். எல்லை வைக்காததுதான் அங்கே கலை. அதை ஆழம் தெரியாமல் நகல் எடுக்க வேண்டாம்.

கடைசியாக, வாடகை மண்டபச் சுவரில் முத்தம் பதிப்பவர்களுக்கு. பாரிஸில் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் கல்லறையில், ரசிகர்கள் பதித்த முத்தங்களின் லிப்ஸ்டிக் கொழுப்பு கல்லுக்குள் இறங்கி, கழுவக் கழுவக் கல்லே தேய, 2011-இல் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். சுண்ணாம்புச் சுவரும் அப்படித்தான் உறிஞ்சும். கண்ணாடியிலோ தடித்த காகிதத்திலோ பதியுங்கள்.

— மேடை ஒப்பனைக் கலைஞர்,
சென்னை