உன் கதைக்கு வில்லன் எதற்கு?

அன்பு நண்பனுக்கு,

வானத்தில் கந்தகம் தூவி, வெயிலை மறைத்து, பூமியைக் குளிரவைக்கும் கோடீஸ்வரனைப் பற்றிய உன் நாவலை அனுப்பிவிட்டு ஐந்து வாரமாக என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பெரிய விஷயமில்லை, அரை மணி நேர வேலை. கட்டுப் பிரித்த மறுநாள் காலை மொட்டை மாடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தேன். நீலம் என்றால் அப்படியொரு நீலம்! இடது கண்ணால் பார்த்தால் அதே வானம் பழுப்பேறிய காகிதம் மாதிரி இருந்தது. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து அரை மணி நேரம் நின்றிருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வாரம்தான் உன் முதல் அத்தியாயத்தைப் படித்தேன். நீலம் என்றால் என்ன என்று பாட்டி பேத்திக்கு விளக்கப் பார்த்துத் தோற்றுப்போகும் இடம். தாளை மூடிவைத்துவிட்டு மறுபடியும் மாடிக்குப் போனேன். அந்த ஒரு பக்கத்துக்காகவே உன்னை மன்னிக்கலாம். மற்ற பக்கங்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சின்னச் சின்னப் பிழைகள். உன் வானம் மஞ்சளாக இருக்கிறது. கந்தகம் என்றதும் உனக்கு மஞ்சள் ஞாபகம் வந்திருக்கும். மேலே போகிற கந்தக டை ஆக்சைடு நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் வானம் வெளிறும், பால் கலந்த மாதிரி. அந்திகள் மட்டும் இன்னும் சிவக்கும். அடுத்தது, பயணிகள் விமானத்தின் வாலில் குழாய் மாட்டித் தூவுகிறாய். அந்த விமானங்கள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பவை. அங்கே தூவினால் பெரும்பாலும் சில வாரங்களில் மழையோடு கீழே வந்துவிடும். வெப்பமண்டலத்தின் மேலே ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனால்தான் மழை மேகங்களுக்கும் மேலே இருக்கும் ஸ்ட்ராடோஸ்பியர் என்ற காற்றடுக்கில் தங்கும். அவ்வளவு சுமையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் விமானத்தைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

இதெல்லாம் ஒரு மதியத்தில் திருத்திவிடலாம். மூன்றாவது பிழைதான் கதையின் முதுகெலும்பில் இருக்கிறது. உன் கோடீஸ்வரன் ஒரே ஒரு முறை தூவுகிறான், பூமி முப்பது வருஷம் குளிர்ந்து கிடக்கிறது. அப்படி நடக்காது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினடூபோ எரிமலை வெடித்து ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது. இரண்டு மூன்று வருஷத்தில் துளிகளெல்லாம் கீழே வந்துவிட்டன, சூடும் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. ஆக, வருஷா வருஷம் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். கீழே புகையை நிறுத்தாமல் மேலே நிழல் மட்டும் போட்டுக்கொண்டே போனால், ஒரு நாள் போரோ பணமுடையோ வந்து விமானங்கள் நிற்கும்போது, அத்தனை வருஷம் மறைத்துவைத்த சூடு பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் மொத்தமாக வந்து இறங்கும். புலிவாலைப் பிடித்த கதைதான். இதற்குப் பிறகு எதற்கடா உனக்கு வில்லன்? வாலைப் பிடித்தவர்கள் கை மாற்றி மாற்றிப் பிடிப்பதே ஒரு நாவல்.

அந்த வில்லனைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இருட்டறையில் உட்கார்ந்து சிரிக்கும் பணக்காரன். படிக்கச் சுவாரசியமாக இருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் இந்த யோசனையைச் சொன்னவர்கள் யாரும் அப்படிப்பட்டவர்கள் இல்லையே. 1965-லேயே அமெரிக்க அதிபர் ஜான்சனுக்கு அறிவியல் ஆலோசகர்கள் கொடுத்த அறிக்கையில், கடல்மேல் ஒளியைத் திருப்பும் துகள்களைப் பரப்பலாம் என்று ஒரு பத்தி இருக்கிறது. புகையைக் குறைக்கலாம் என்ற யோசனை அதில் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்ட்ராடோஸ்பியரில் கந்தகம் என்பது எழுபதுகளில் சோவியத் விஞ்ஞானி புதிகோ சொன்னது. ரொம்ப நாள் அதைப் பற்றிப் பொதுவில் பேசவே விஞ்ஞானிகள் கூச்சப்பட்டார்கள். 2006-இல் பால் குருட்சென் ஒரு கட்டுரை எழுதி அந்தக் கூச்சத்தை உடைத்தார். ஓசோன் ஆராய்ச்சிக்காக நோபல் வாங்கியவர். புகையைக் குறைத்து இதற்குத் தேவையே இல்லாமல் செய்துவிட்டால் அதைவிட நல்லது எதுவுமில்லை, ஆனால் அது வெறும் நல்லெண்ணமாகத்தான் தெரிகிறது என்கிற பொருளில் எழுதினார். சலித்துப்போன ஒரு நல்ல மனிதர். உன் கதைக்கு அவரைப் போல ஒருவர்தான் வேண்டும். கெட்டவன் தூவினால் அவனைப் பிடித்துச் சிறையில் போட்டுக் கதையை முடித்துவிடலாம். வெயிலில் சொந்த ஜனங்கள் சுருண்டு விழுவதைப் பார்த்துவிட்டு ஒருவன் தூவினால் அவனை என்ன செய்வாய்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆலைப் புகையிலும் கப்பல் புகையிலும் இருந்த கந்தகம் தாழ்வான காற்றிலேயே ஓரளவு வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. 2020-இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். மனிதர்களின் நுரையீரலுக்காகச் செய்த நல்ல காரியம். ஆனால் கடல்மேல் கப்பல்களின் பின்னே நீண்டு கிடந்த வெள்ளை மேகக் கோடுகள் குறைந்தன, கொஞ்சம் கூடுதல் வெயில் கடலுக்குள் இறங்கியது. எவ்வளவு என்பதில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நல்லது செய்யப்போய்ச் சூடு கூடியது என்பதை நீ எங்காவது பயன்படுத்திக்கொள். கற்பனையில்கூட எனக்கு இப்படித் தோன்றியிருக்காது.

சரி, இப்போது மழைக்கு வருகிறேன். உன் எட்டாம் அத்தியாயத்தில் உலகமே ஒரே சீராகக் குளிர்கிறது. எல்லாரும் கம்பளி தேடுகிறார்கள். நிஜத்தில் சராசரி இறங்கும், மழை இடம் மாறும். பினடூபோவுக்கு அடுத்த வருஷம், 1992-இல், நிலப்பரப்பின்மேல் பெய்த மழை கணிசமாகக் குறைந்தது. வடகோளத்தில் மட்டும் தூவினால் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி காயும், தென்கோளத்தில் மட்டும் தூவினால் அங்கே மழை கூடும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அதாவது எந்தப் பக்கம் தூவுவது என்று யாரோ மேஜைமேல் பேனாவை வைத்து முடிவெடுக்கும்போது, எங்கோ ஒருவருடைய கிணறு அந்தத் தாளில் இருக்கிறது.

என் பெண் இன்சூரன்ஸ் கணக்கு பார்க்கும் வேலையில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? உன் கதையை அவளிடம் சொன்னேன். அறிவியல் எதையும் அவள் கேட்கவில்லை. "அப்பா, ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்றம் என்று எழுதியிருக்கிற இடத்தில் அப்புறம் என்ன எழுதுவது?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இதுவரை மழை பொய்த்தால் வானத்தைத் திட்டினோம், விதியைத் திட்டினோம். ஒருவர் கை வானத்தில் பட்டுவிட்டால், அப்புறம் வருகிற ஒவ்வொரு வறட்சிக்கும் ஒரு குற்றவாளி இருப்பான். அவன் செய்யாததற்கும் சேர்த்து. தூவாமல் இருந்திருந்தால் அந்த வருஷம் மழை பெய்திருக்குமா என்பதை யாராலும் காட்ட முடியாது, ஏனென்றால் தூவாத பூமி என்று இன்னொன்று இல்லை. குற்றம் சாட்டவும் முடியாது, நிரபராதி என்று நிரூபிக்கவும் முடியாது. உன் நாவல் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நீ அதைத் தாண்டி ஓடி ஏவுகணைச் சண்டைக்குப் போய்விட்டாய்.

சட்டம் தடுக்காதா என்று ஒரு வாசகன் கேட்பான். பதில் வைத்துக்கொள். வியட்நாம் போரில், 1967-இலிருந்து 1972 வரை, வடவியட்நாம் படைகளுக்குச் சரக்குப் போய்க்கொண்டிருந்த ஹோசிமின் பாதையைச் சேறாக்க அமெரிக்கா ரகசியமாக மேகங்களில் மருந்து தூவி மழைக்காலத்தை நீட்டிக்கப் பார்த்தது. அது வெளியே வந்து நாறிய பிறகு, சுற்றுச்சூழலை ஆயுதமாக்கக் கூடாது என்று ஓர் உடன்படிக்கை 1977-இல் கையெழுத்தானது. ஆனால் அது பகை நோக்கத்துக்குத்தான் தடை. "உங்கள் நன்மைக்கும் சேர்த்துத்தான் செய்கிறேன்" என்று சொல்பவனை அது தொடாது. 2019-இல் நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் மன்றத்தில் சுவிட்சர்லாந்து இந்த மாதிரி யோசனைகளைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. தடையுமில்லை அனுமதியுமில்லை, நிலைமை என்ன என்று ஓர் அறிக்கை தயாரிக்கலாம் என்று மட்டும்தான் கேட்டார்கள். அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் எதிர்த்தன, தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. 2024-இல் மறுபடியும் முயன்றார்கள். இந்தமுறை ஆப்பிரிக்க நாடுகள் பயன்படுத்தவே கூடாது என்கிற பக்கம் நின்றன. மறுபடியும் வாபஸ். அறிக்கை எழுதலாமா என்பதிலேயே உலகம் இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறது. இதை அப்படியே ஓர் அங்கத அத்தியாயமாக எழுதலாம். உனக்குக் கை வரும்.

சின்ன அளவிலும் இப்படித்தான். 2021-இல் ஸ்வீடனின் கிருணாவிலிருந்து ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரு பலூன் விடப்பார்த்தார்கள். துகள் எதையும் தூவப்போவதில்லை, கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும். அந்த வட்டாரத்தின் சாமி பழங்குடி மக்களின் கவுன்சில் எங்களைக் கேட்டீர்களா என்று எதிர்த்தது. பலூன் பறக்கவில்லை, 2024-இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அதே வருஷம் கலிபோர்னியாவில் அலமீடா என்ற சிறிய நகரத்தில், அருங்காட்சியகமாக நிற்கும் பழைய விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து உப்புநீர்த் துளிகளைத் தெளித்துப் பார்த்தார்கள், மேகங்களை வெளுக்க வைக்க முடியுமா என்று அறிய. நகரமன்றம் கூடி வாக்கெடுத்து நிறுத்திவிட்டது. குப்பைக்கும் சாக்கடைக்கும் கூடுகிற மன்றம் மேகத்துக்காகக் கூடியிருக்கிறது, நினைத்துப் பார். இந்த இரண்டு விஷயத்திலும் என் மனசு இரண்டு பக்கமும் போகிறது. கேட்காமல் செய்யக்கூடாது என்பது நியாயம். ஆராயாமலேயே விட்டுவிட்டு, ஒரு நாள் பதறிப்போன ஓர் அரசு அரைகுறை அறிவோடு தூவ ஆரம்பித்தால் என்ன ஆகும் என்ற பயமும் நியாயம். உன் பாத்திரங்களில் இரண்டு பேருக்கு இந்த இரண்டையும் பங்கு போட்டுக் கொடு. யாரையும் ஜெயிக்க வைக்காதே.

என் யோசனையைக் கேட்டால், கோடீஸ்வரனை முதல் அத்தியாயத்தோடு அனுப்பிவிடு. பதினொன்றாம் அத்தியாயத்தில் இரண்டே பக்கம் வந்து போகிற அந்த வானிலைத் துறை அதிகாரி இருக்கிறாளே, மழைமானிகளின் கணக்கைத் திருத்தி எழுதச் சொல்லி மேலிடம் கேட்கும்போது பேனாவை மூடி வைப்பவள், அவளை நடுவில் உட்கார வை. தூவ ஆரம்பித்து ஒன்பதாவது வருஷம் என்று வைத்துக்கொள். அவள் அறைக்கு ஒரு பக்கம் வெள்ளத்தில் எல்லாம் போனவர்கள் வருகிறார்கள், மறுபக்கம் வறட்சியில் எல்லாம் போனவர்கள். இரண்டு தரப்பும் கேட்பது ஒரே கேள்வி. பாட்டி பேத்தி காட்சியைத் தொடாதே. அது அப்படியே இருக்கட்டும்.

ஊர்க்கதை அதிகமில்லை. முழங்கால் பரவாயில்லை. நடைப்பயிற்சியில் நம் கல்லூரி கணக்கு வாத்தியாரைப் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டு உன்னைத்தான் முதலில் விசாரித்தார், "இன்னும் வகுப்பில் கதை எழுதுகிறானா?" என்று. எழுதுகிறான் என்று சொன்னேன்.

அடுத்த மாதம் இடது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் திருத்திய பிரதியை அனுப்பு, பெரிய எழுத்தில் அச்சடித்து. பாட்டி வரும் பக்கத்தை மட்டும் இரண்டு கண்ணாலும் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

உன் பழைய அறைத் தோழன்