"இன்றோடு நிறுத்து" என்று சொல்லும் முன்: குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு

அன்புள்ள குடும்பத்தாருக்கு,

"இனிமேல் தொடமாட்டேன்" என்று அவர் சத்தியம் செய்தால் உங்களுக்கு நிம்மதி வரும். குடிநோய்க்குச் சிகிச்சை தரும் எங்களுக்கோ கவலை அங்கேதான் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் மருத்துவ உதவியின்றிச் சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம்.

மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் 'குளுட்டமேட்' என்ற வேதிப்பொருளின் வேலையைக் குறைக்கிறது. தினமும் இப்படி நடந்தால், ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்ளும். பழைய அளவு போதாமல் போவது இதனால்தான். காலையில் கை நடுங்கும். நடுக்கம் நிற்கவே குடிக்க வேண்டியிருக்கும். இதைத் திமிர் என்று ஏசிப் பயனில்லை. மது திடீரென நின்றால், அடக்க எதுவுமின்றி அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சும்.

கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். மிகக் கொடியது 3ஆம், 4ஆம் நாளில் வரும் பிதற்றல். இடமும் நேரமும் தெரியாது. இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து தட்டிக்கொண்டே இருப்பார். பைத்தியம் என்றோ பேய் என்றோ எண்ணி அறையில் பூட்டாதீர்கள். அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நேரம். முன்பு ஒருமுறை வலிப்போ பிதற்றலோ வந்திருந்தால், வீட்டிலேயே நிறுத்தப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

கால் முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் குடியை மறைக்காதீர்கள். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், சாப்பாடு எப்படி என்று முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ கூடவோ தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட அது உதவும். தயமின் வற்றிய உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடலாம்.

நடுக்கத்துக்கு டயசிபாம் அல்லது குளோர்டயசிபாக்சைடு கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசிபாம். இவற்றோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம். நீங்களாகக் கடையில் வாங்கித் தராதீர்கள்.

அந்த ஒரு வாரம் உடலைத் தேற்றும், அவ்வளவுதான். குடிக்கும் ஏக்கத்துக்குத் தனி மருந்து உண்டு. நால்ட்ரெக்சோன் வழக்கமாக நாளுக்கு 50 மில்லிகிராம்; ஓபியம் வகை வலிநிவாரணி எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் தொடங்கும் முன் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும். கூடவே ஆலோசனையும் மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

உங்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்று: குடியை நிறுத்தத் தரும் டைசல்பிராம் மாத்திரையைக் குழம்பிலோ காபியிலோ ரகசியமாகக் கலக்காதீர்கள். அது தெரியாமல் அவர் குடித்தால் உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் நின்றுபோகவும் கூடும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 2 வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. அவர் அறிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் வீட்டைவிட்டுத் துரத்தாமல், மறுநாளே சிகிச்சைக்கு அழைத்து வாருங்கள். மருந்தை மாற்ற வேண்டுமா என்று பார்க்கலாம். சில வாரம் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.