மூன்று வெள்ளைத்தாள்

குடமுருட்டிக் கரை,
ஐப்பசி 12

அன்புள்ள வாத்தியாரே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்தே வந்தன. ஈர நெல்லைக் காயப்போடுவதும், வானம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளுவதுமாக இருந்ததில் பேனாவைத் தொடவில்லை. ஒருவழியாகக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை பிடித்துவிட்டார்கள். பணம்தான் இன்னும் பேங்கில் ஏறவில்லை.

புளோரிடாவில் சாலைக்குச் சாலை வக்கீல் முகம் போட்ட போர்டு இருக்கிறது, நம்ம ஊர் மஞ்சள் நீராட்டு பிளெக்ஸ் தோற்றது போ என்று எழுதியிருந்தாய். விபத்து நடந்து 30 நாள் ஆகாமல் அடிபட்டவனுக்கு வக்கீல் கடிதம் போடக்கூடாது என்று அங்கே ஒரு விதி உண்டு, 1995-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்றது என உன் மகன் சொன்னானாமே. வியப்பாக இருந்தது. "முப்பது வருஷம் கோர்ட்டிலேயே கிடந்தவன் நீ, நம்ம பக்கம் எப்படி?" என்று கேட்டிருக்கிறாய்.

நம்ம பக்கம் போர்டு கிடையாது. வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது, ஆள் வைத்துக் கட்சிக்காரனைப் பிடிக்கவும் கூடாது. வக்கீல்களின் நடத்தையைப் பார்க்கும் பார் கவுன்சில் விதிகளில் 36-ஆம் விதி. ஆன்லைனில் வக்கீல்களைக் கடைச்சரக்கு மாதிரி காட்டும் தளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் மெட்ராஸ் ஹைகோர்ட்டும் ஒரு தீர்ப்புப் போட்டது. விதியெல்லாம் பளபளவென்று இருக்கிறது. போன மாதம் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள்.

எதிர்வீட்டு அக்காவின் சின்ன மகனை உனக்குத் தெரியும். நீ வந்திருந்தபோது இளநீர் வெட்டிக் கொடுத்தானே, அவன்தான். இப்போது கொத்து வேலை, வயது 26. தஞ்சாவூர் ரோட்டில் ராத்திரி எட்டு மணிக்கு பைக்கில் வரும்போது லோடு லாரி அடித்துவிட்டது. தொடை எலும்பு இரண்டு துண்டு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள் காலை. காலைத் தூக்கிக் கட்டி, நுனியில் எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள். வெள்ளைச் சட்டை, கையில் ரெக்சின் பை, ஸ்டூலில் ஒரு ஃபிளாஸ்க், ஒரு சீப்பு பூவன் பழம். அக்காவுக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ சொந்தக்காரன் என்று நினைத்தேன்.

"எஃப்.ஐ.ஆர். போட்டாச்சுங்க, நம்பர் இந்தாங்க" என்று துண்டுச்சீட்டை நீட்டினான். பெற்றவளுக்கே இன்னும் தெரியாத நம்பர்! ஸ்டேஷனிலிருந்து போனதா, வார்டிலிருந்து போனதா, யார் கண்டது. செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று முதல் நாள் ராத்திரியே அக்கா கையில் 2,000 ரூபாய் திணித்திருக்கிறான். கூடவே ஒரு வக்காலத்து பாரத்திலும், மூன்று வெள்ளைத்தாளிலும் பையனின் கையெழுத்து. வலி ஊசி போட்ட கையால் கோணல்மாணலாகப் போட்டிருக்கிறான்.

பாரத்தை வாங்கிப் பார்த்தேன். வக்கீல் பேர் இருக்க வேண்டிய இடம் காலி. வக்காலத்தில் ஒட்ட வேண்டிய வக்கீல் வெல்ஃபேர் ஃபண்ட் ஸ்டாம்ப்பும் இல்லை.

"சீனியர் யாரு தம்பி?"

அவன் பதில் சொல்லவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க வக்கீலா?"

"இல்லப்பா, குமாஸ்தா. கும்பகோணத்துல முப்பது வருஷம்."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அட, நம்மாளுதானாண்ணே! முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். பத்தாயிரம் எனக்கு, குடும்பத்தைக் கலைக்காமல் இருந்தால் போதுமாம். அங்கே கோபப்பட்டேன் என்று எழுத ஆசைதான். வாய் அடைத்து நின்றேன் என்பதே நிஜம். ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் என் வக்கீல் அய்யாவிடம் சேர்ந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். ஒரு வார்டு பாய் சொல்லி, பஸ் மோதிச் செத்தவனின் பெண்டாட்டியை அழைத்துவந்தேன். அந்த வார்டு பாய்க்கு 50 ரூபாய் கொடுத்திருந்தேன். அய்யா அவளை உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டு, கேஸும் போட்டார். அவள் போன பிறகு, "அந்த அம்மாவுக்கு என்னை எப்படிடா தெரியும்?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் சில வக்கீல்கள் கட்சிக்காரன் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி இழுத்த கதையை அன்றைக்குத்தான் சொன்னார். 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்களைக் காய்ச்சி எடுத்திருக்கிறார். "அவனுங்க வாசல்லதான் நின்னானுங்க. நீ ஆஸ்பத்திரிக்கே போயிட்டே" என்றார். அந்த மாதச் சம்பளத்தில் 50 ரூபாய் குறைந்தது. ஆனால் அவர் கேஸை விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

சரி, இந்தக் கதைக்கு வருகிறேன். கிடைக்கும் நஷ்டஈட்டில் பங்கு 30 பர்சென்ட் என்று அந்த ஆள் பேசியிருக்கிறான். அக்காவுக்கு அது எவ்வளவு என்று புரியவில்லை. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பையனின் மாத வருமானம் 18,000 என்றால் வருஷத்துக்கு 2,16,000. நாற்பது வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதம் கூட்டினால் 3,02,400. ஊனத்தால் வருமான இழப்பு 30 சதம் என்று வைத்துக்கொண்டால் 90,720. வருஷ இழப்பைப் பெருக்க, அவன் வயதுக்கு 2009-இல் சுப்ரீம் கோர்ட் வகுத்த எண் 17. ஆக 15,42,240. வைத்தியச் செலவு தனி. இதில் 30 பர்சென்ட் 4,62,672 ரூபாய். "அவன் ரெண்டு வருஷத்துக்கு மேல செங்கல் சுமக்கிற கூலிக்கா" என்றேன். அக்கா மூச்சுவிடவில்லை.

உன் ஊரில் வக்கீல் மூன்றில் ஒன்று எடுப்பது சகஜம், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டே எடுக்கிறார்கள் என்றாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இங்கே ஜெயித்த பணத்தில் வக்கீல் பங்கு கேட்பதே தொழில் குற்றம். குற்றம் என்பதால் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுத்து இல்லாததால் இன்றைக்கு 30 என்றது நாளைக்கு 45 ஆனாலும் கேட்க நாதியில்லை. எழுத வேண்டியதையெல்லாம் பின்னால் எழுதிக்கொள்ளத்தான் அந்த மூன்று வெள்ளைத்தாள். பர்சென்ட் கேட்பவனைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும் வாத்தியாரே. கைக்காசு இல்லாதவன் வேறு எப்படிக் கேஸ் நடத்துவான்? வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குபவனைத்தான் முடியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. உனக்கு நஷ்டஈடு உண்டு என்று அந்தக் குடும்பத்துக்கு முதலில் சொன்னவன் அந்த ஆள்தான். சட்டப்படி விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் அறிக்கையை விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அடிபட்டவனுக்கு என்னென்ன உரிமை என்று அச்சடித்த படிவத்தைப் 10 நாளுக்குள் கையில் கொடுக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிற விதி. எங்கள் பையனுக்கு அந்தப் படிவம் இன்றைக்கு வரை வரவில்லை. பூவன் பழம் மறுநாளே வந்துவிட்டது.

நான் செய்தது இவ்வளவுதான். 2,000 ரூபாயை என் பையிலிருந்து கொடுத்து, "பேப்பரைக் குடு" என்றேன். ஆறு மாதத்துக்குள் மனு போடாவிட்டால் போச்சு என்று அக்காவை மிரட்டிப் பார்த்தான். சட்டத்தில் அப்படி ஒரு கெடு இருப்பது நிஜம்தான், அதற்காக விடியுமுன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கும்பகோணத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்று சொல்லி அக்காவை அழைத்துப்போய் மனு எழுதிக் கொடுத்தோம். ஒரு பெண் வக்கீலைப் போட்டிருக்கிறார்கள். சின்னப் பெண், ஆனால் கேட்டதையெல்லாம் குறித்துக்கொள்கிறாள்.

அந்த ஆள் வக்காலத்தும் இரண்டு தாளும் கொடுத்தான். மூன்றாவது எங்கேயோ தொலைந்துவிட்டதாம். எந்தெந்தத் தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது, எது திரும்பவில்லை என்று பையன் பெயரில் ஒரு நோட்டீஸ் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை இன்னும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அக்கா வாசலுக்கு வந்துவிடுகிறாள்.

தை பிறந்ததும் வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது மூட்டு வலிக்கு அந்த மருந்து இரண்டு டப்பா கொண்டுவா. மிச்சம் நேரில்.

உன்,
குமாஸ்தா