சுவர் யாருடையது என்று கேட்டுவிட்டு வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர் முடிந்த நாடுகளில் ஓவியமும் உரையாடலும் மக்களை மறுபடி ஒன்று சேர்க்கும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் முதலில் ஓவியம், அதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் பேசிக்கொள்வார்கள் என்கிறார் பாருங்கள், அது எனக்கு ஒப்பவில்லை. பேச்சு முடிந்த பிறகுதான் தூரிகையை எடுக்க வேண்டும்.

நான் வியாசர்பாடியில் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன். பிளெக்ஸ் வந்த பிறகு தொழில் படுத்துவிட்டது. இப்போது பள்ளிச் சுவர், தொண்டு நிறுவனச் சுவர் என்று ஓடுகிறது. தேர்தல் நெருங்கினால் எங்கள் ஆட்கள் சுவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டால் அது அவர்கள் சுவர். வீட்டுக்காரருக்குக் காலையில் கதவைத் திறந்தால்தான் விஷயமே தெரியும். போருக்குப் பின் அரசாங்கங்கள் வைக்கிற சின்னங்களில் பாதி இப்படிப் பிடித்த சுவர்கள்தான்.

கிளிநொச்சியில் இலங்கை ராணுவம் வைத்திருக்கும் வெற்றிச் சின்னத்தைப் படத்தில் பார்த்தேன். பெரிய கான்கிரீட் கட்டி, அதைத் துளைத்து நிற்கும் குண்டு, உச்சியில் ஒரு தாமரை. வேலையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர்க்காரர் தினமும் கடைக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். அவர் வீட்டில் யார் யாரைக் காணோம் என்று அந்தக் கட்டியை வைத்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். 2019 நவம்பரில் அதிபர் தேர்தல் முடிந்த கையோடு அங்கே ஊர் ஊராக இளைஞர்கள் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நாடு அழகாக வேண்டும் என்ற அவர்கள் ஆசையைச் சந்தேகப்படவில்லை. இருந்தாலும் பல சுவர்களில் போர்வீரர்களும் பழைய அரசர்களும் வந்து நின்றார்கள். அப்புறம் 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், 2009இல் போரின் முடிவில் செத்தவர்களுக்காக எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத் தூண் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து, சில நாளிலேயே மறுபடி அடிக்கல் வைக்க வைத்தார்கள். ஒரு பக்கம் படம் ஏறுகிறது, மறுபக்கம் தூண் இறங்குகிறது. இதில் எங்கே உரையாடல்?

சரி, உருப்படியாக நடந்த இடமே இல்லையா என்றால், உண்டு. கொலம்பியாவில் 2016இல் அரசுக்கும் ஃபார்க் கெரில்லாக்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. அவர்கள் ஒப்படைத்த ஆயுதங்களில் 37 டன்னை உருக்கி, தலைநகர் பொகோட்டாவில் ஒரு கட்டடத்துக்குத் தரை போட்டிருக்கிறார்கள். செய்தவர் டோரிஸ் சல்சேடோ என்ற சிற்பி. அவர் நினைத்திருந்தால் ஒரு வெண்கலச் சிலை வார்த்திருக்கலாம். அதற்குப் பதிலாக, போரில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களைக் கூப்பிட்டு அவர்கள் கையில் சுத்தியலைக் கொடுத்தார். உலோகத் தகடுகளை அவர்கள் அடித்து அடித்து நெளித்தார்கள். அந்தத் தகடுகளிலிருந்து அச்சு எடுத்து, அதில்தான் உருக்கிய துப்பாக்கியை ஊற்றித் தரைத் தகடுகள் வார்த்தார்கள். ஒவ்வொரு பள்ளமும் மேடும் அவர்கள் கை விழுந்த இடம். என் மகள் போனில் அந்த வீடியோவைக் காட்டினாள். அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன், அந்தத் தரையில் பாதி வேலை அந்தச் சுத்தியல் சத்தத்திலேயே முடிந்துவிட்டது. கலெக்டர் ரிப்பன் வெட்டுகிற நாள் அதற்கப்புறம் சும்மா ஒரு சடங்கு. (அங்கே கலெக்டர் உண்டோ என்னவோ, ரிப்பன் கட்டாயம் உண்டு!)

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரச் சுவர்களில் முகமூடி போட்ட துப்பாக்கிக்காரர்களைப் பெரிது பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள். 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகும் அந்தப் படங்கள் போகவில்லை. 2006இல் அவற்றை மாற்ற அரசுப் பணத்தில் திட்டம் வந்தபோது, தெருக்காரர்களோடு பேசாமல் யாரும் சுவரில் கை வைக்க முடியவில்லை. சில இடங்களில் துப்பாக்கி போய்க் கால்பந்து வீரர் வந்தார். சில இடங்களில் துப்பாக்கி இன்னமும் நிற்கிறது. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. போஸ்னியாவின் சரயேவோ நகரில் பீரங்கிக் குண்டு விழுந்து ஆட்கள் செத்த சாலைப் பள்ளங்களில் சிவப்புப் பிசினை ஊற்றி அடைத்திருக்கிறார்கள். அதற்கு ஓவியனே தேவையில்லை, ரோடு போடுகிறவர் போதும்.

இலங்கையிலும் திட்டம் போடாமலே நடந்திருக்கிறது. 2022 மே 18 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் அரசுக்கு எதிரான போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள், சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிக்கொண்ட ஜனங்கள் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் குடித்த கஞ்சி அது. எந்தச் சுவரோவியத்தையும்விட அந்தக் கஞ்சிக்கு அதிகம் சொல்லத் தெரிந்திருக்கிறது. ஆனால் 2024 மே மாதம் திருகோணமலைப் பக்கம் சம்பூரில் அதே கஞ்சிக்காகப் பெண்களைக் கைது செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வவுனியாவில் 2017 பிப்ரவரி முதல் காணாமல் போன பிள்ளைகளின் படங்களைக் கட்டிக்கொண்டு தாய்மார்கள் சாலையோரப் பந்தலில் உட்கார ஆரம்பித்தார்கள். அந்த நாட்டின் பொதுக் கலை எது என்று என்னைக் கேட்டால், அந்தப் படங்களைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுதுகிறேன் என்றால், மேடைக்கு மேடை ஈழம் பேசுகிற நம் ஊரில் புழல் காவாங்கரை இலங்கை அகதிகள் முகாமுக்குள் ஒரு தடவை போய் வந்தவர்கள் எத்தனை பேர்? கும்மிடிப்பூண்டி முகாமுக்கு? இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்று, இன்னும் குடியுரிமை இல்லாமல் இருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஒரு முகாமில் படம் வரைய ஓர் அமைப்பு என்னைக் கூப்பிட்டது. டிசைன் வெளியூரிலிருந்து வந்தது: புறா, உலக உருண்டை, கைகோத்த குழந்தைகள். கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து நின்றார். "தம்பி, உந்தப் புறா எங்களுக்கு என்னத்துக்கு? எங்கட பள்ளிக்கூடத்தைக் கீறித் தாங்கோவன்" என்றார். மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு தொங்குமாம், பக்கத்தில் புளியமரமாம். எந்தக் கிளை எந்தப் பக்கம் போகும் என்றுகூடச் சொன்னார். பொறுப்பாளரிடம் கேட்டேன். டிசைன் அப்ரூவ் ஆகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். புறாதான் ஏறியது. இப்போது அதன் வயிற்றில் பையன்கள் கரியால் மூன்று கோடு போட்டு ஸ்டம்ப் ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சுவர் அந்த வகையிலாவது பயன்படட்டும்.

இன்னொன்று, இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். நம் ஆட்கள் பேசுகிற பேச்சில் முஸ்லிம்களுக்கும் இடம் வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து அவர்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நம் இழப்பை மட்டும் வரைந்துவிட்டு அதற்கு நல்லிணக்கம் என்று பேர் வைத்தால், அதுவும் பிடித்த சுவர்தான்.

முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக 2021இல் தமிழக அரசு அறிவித்தது. புது வீடு என்றால் புதுச் சுவர். அழகுபடுத்துகிறோம் என்று ஆட்கள் வரிசையில் வருவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு முகாமிலும் ஒரு சுவரை அங்கிருப்பவர்களுக்கே விட்டுவிடும்படி மறுவாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். என்ன வரைவது, வரையத்தான் வேண்டுமா என்பதை அவர்கள் சொல்லட்டும். பள்ளிக்கூடம் என்றால் பள்ளிக்கூடம், வெறும் பெயர்கள் என்றால் வெறும் பெயர்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் வெள்ளையடித்துவிட்டு வந்துவிடலாம்.

கூலி வாங்காமல் நான் வரத் தயார், கூட வர இன்னும் சில கைகளும் உண்டு. பட்டி, பிரைமர், எமல்ஷன், சாரத்துக்கு வாடகை, இவ்வளவுதான் செலவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் எப்படியும் காயாது. அந்த மாதங்களில் உட்கார்ந்து பேசி முடித்தால் தை பிறந்ததும் வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு சுவர் ஓவியர்,
வியாசர்பாடி, சென்னை - 39