இணைய ஓவியக் கண்காட்சி அமைப்போருக்கு: அந்தப் புல்லாங்குழலை நிறுத்திவிட்டு ஓர் ஓதுவாரைப் பாடச் சொல்லுங்கள்

வணக்கம்.

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு ஓர் இணையக் கண்காட்சிக்குள் போனேன். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள். கருவறையைச் சுற்றியிருக்கும் அந்த இருண்ட உள்சுற்றுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. அதனால் என்னைப் போன்றவர்களுக்குத் திரைதான் வாசல். முதல் படத்தைத் தொட்டதுமே புல்லாங்குழல் உரக்க ஒலித்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா பதறி எழுந்துவிட்டார். நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் படம் பார்க்கும் மனநிலையே கலைந்துபோனது.

இசையே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. அந்த ஓவியங்களுக்கு இசை வேண்டும். ஆனால் எந்தப் படத்துக்கும் பொருந்தும்படி செய்த இசை எந்தப் படத்துக்கும் சொந்தமாகாது.

அந்தச் சுவரில் இருப்பதைப் பாருங்கள். சிவன் புலித்தோலில் அமர்ந்திருக்கிறார். எதிரே பெண்கள் இருவர் ஆடுகிறார்கள், கணங்கள் வாத்தியம் இசைக்கின்றன. கீழே வெள்ளை யானையில் தேவாரம் பாடிய சுந்தரர், குதிரையில் அவருடைய நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாள், இருவரும் கயிலைக்குப் போகிறார்கள். அப்படி யானைமேல் போகும்போது சுந்தரர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம், அதாவது பக்திப் பாடல்களின் ஒரு கொத்து, நம்மிடம் இருக்கிறது: 'தானெனை முன்படைத்தான்' என்று தொடங்கும், சைவப் பாடல் தொகுப்பான திருமுறைகளில் ஏழாவதன் கடைசிப் பதிகம். படத்தில் இருப்பவர் பாடிய பாட்டே கையில் இருக்கும்போது வேறெங்கோ எடுத்த குழலோசை எதற்கு?

இன்னொன்றும் உண்டு. அந்தக் கோயிலில் திருப்பதிகம் பாட ராஜராஜன் 48 பேரை அமர்த்தினான். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்குத் தினம் மூன்று குறுணி (பழைய முகத்தல் அளவு) நெல் என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த ஓவியங்கள் தீட்டப்பட்ட காலத்தில் அந்தக் கோயிலில் பதிகமும் உடுக்கையும் மத்தளமும் ஒலித்தன. பிறகு நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்து, 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து சொன்ன பிறகே அவை வெளியுலகுக்குத் தெரிந்தன. இத்தனை நாள் கழித்துக் கண்ணுக்குக் கிடைத்ததைக் காதுக்கும் கொடுக்கலாமே!

கோயிலில் பதிகம் பாடும் ஓதுவார் ஒரே ஒருவர் போதும். இன்றும் எத்தனையோ சிவன் கோயில்களில் அவர்கள் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவரை அழைத்து, பின்னணிக் கருவி எதுவும் இல்லாமல் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவருக்கு நல்ல சம்பளம் கொடுங்கள், படத்தின் கீழே அவர் பெயரைப் போடுங்கள். பதிகம் எல்லோருக்கும் பொது. ஆனால் பாடிப் பதிவு செய்த ஒலிக்கு உரிமை உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். இணையத்தில் கிடைத்ததே என்று யாரோ பாடியதை எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

அப்புறம், பார்ப்பவர் கேட்டால் மட்டும் இசை ஒலிக்கட்டும். பொத்தான் படத்துக்குப் பக்கத்திலேயே, பெரிதாக, தமிழில் இருக்கட்டும். தானாகத் தொடங்கும் ஒலி 3 விநாடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்று உலக அளவிலான இணைய அணுகல் நெறிமுறைகளே சொல்கின்றன. அது வெறும் சம்பிரதாயம் இல்லை. பார்வையற்ற ஒருவர், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வழியாகத்தான் படத்தின் விளக்கத்தைக் கேட்கிறார். உங்கள் குழலோசை அந்தக் குரலை மூழ்கடித்தால், அந்தச் சுவரோவியம் அவருக்கு இல்லாமலே போகிறது.

எல்லாப் படத்துக்கும் பாட்டு வைக்க வேண்டும் என்றும் இல்லை. சுந்தரர் யானைமேல் போகும் அந்த ஒரு படத்துக்கு மட்டும் வையுங்கள். மற்றவற்றை அமைதியாகவே பார்த்துக்கொள்கிறோம். பதிவு தயாரானதும் சொல்லுங்கள், அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

அன்புடன்,
தஞ்சை ஓவியங்களைத் திரையில் மட்டுமே பார்த்திருக்கும் ஒருவன்